தயிர் தண்ணி விடாத வான்

1975ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக் கை கழுவும்போது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இலங்கையை ஒரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும். பத்து நாள். மனைவி இல்லாமல்.

கடைசி இரண்டு சொல்லையும் மனதுக்குள்தான் சொன்னேன். குணேஸ்வரிக்கு நான் மனதுக்குள் சொல்வதும் கேட்கும். ஆனாலும் சொன்னேன். அவ்வளவு துணிச்சல் அன்றைக்கு.

என் பெயர் ஆனந்தராசா. திருகோணமலைத் துறைமுக வேலைத்தலத்தில் பிற்றர், இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுகிறவன். இருபத்தாறு வருடமாகக் கப்பல்களைத் திருத்தி ஊர் ஊராக அனுப்பியிருக்கிறேன். அவை சிங்கப்பூர் போயின, பம்பாய் போயின. நான் உட்துறைமுக வீதியில் இருக்கும் என் வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்குப் போனேன். வேலைத்தலத்திலிருந்து வீட்டுக்கு வந்தேன்.

கூட்டாளி ஒருவன் இருந்தான். கிண்ணியா அபூதாஹிர், ஒட்டு வேலைக்காரன். வேலைத்தலத்தில் என் பக்கத்து மேசை. இரும்பு இரண்டு துண்டானால் ஒன்றாக்குவான். வீட்டில் வாய் திறந்தால் ஒன்று இரண்டாகும் என்பதால் அங்கே பேசுவதில்லை. அவன் மனைவி உம்மு குல்சும் எருமை வளர்த்துத் தயிர் போடுகிறவள். என் திட்டத்தைக் கேட்டதும் அபூதாஹிர் கண்ணை மூடிக்கொண்டான். "அண்ணன், பத்து நாளா?" என்று கேட்டான். அந்தக் குரலில் இருந்த பக்தியை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

போவதற்கு வண்டி வேண்டும். சீனன்குடா விமானத்தளத்தில் பழைய சாமான்கள் ஏலம் போட்டார்கள். அதில் ஒரு பாண் வான் வந்தது. வெள்ளைக்காரன் இங்கே இருந்த காலத்தில் அவனுக்குப் பாண், அதாவது ரொட்டி, கொண்டு திரிந்தது. அவன் போன பிறகு பதினெட்டு வருடம் கடல்காற்றிலேயே நின்றது. வான் என்ற பெயர் அதற்குப் பொருத்தம். உள்ளே இருந்து நிமிர்ந்து பார்த்தால் வானம் தெரியும்.

அதை மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்து வேப்பமரத்தின் கீழ் விட்டோம். குணேஸ்வரி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்க எடுத்தனீங்கள்?"

"ஏலத்தில."

"பார்க்கத் தெரியுது. ஏலாததுகளைத்தானே ஏலத்தில விடுவினம்."

அவளைச் சமாளிக்க நான் தயாராக வந்திருந்தேன். குணேஸ்வரிக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. பஸ் மூன்றாம் மைல் கட்டை தாண்டமுன் வயிற்றைப் பிரட்டும். எனவே அவளை அழைப்பதில் எனக்கு ஓர் ஆபத்தும் இல்லை. இந்த வானில் இலங்கையைச் சுற்றப் போகிறோம், நீரும் வாரும் என்று தாராளமாகச் சொன்னேன். அவள் மறுப்பாள், நான் கவலைப்படுவேன், பிறகு அபூதாஹிரோடு போவேன். இதுதான் சூழ்ச்சி.

அவள் மறுக்கவில்லை. "குலுக்காட்டி வாறன்" என்றாள்.

குலுக்காத வண்டி உலகத்தில் இல்லை என்று சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் நான் பிற்றர். கையால் ஏலாது என்று ஒரு பிற்றர் மனைவிக்கு முன்னால் சொல்வானா? வெளிநாட்டில் சில பஸ்களுக்கு, குலுக்கலைத் தாங்கும் இரும்பு வில்லுக்குப் பதிலாகக் காற்றுப் பைகளை வைக்கிறார்கள், தொட்டிலில் போவது போல இருக்கும் என்று எப்போதோ ஒரு சஞ்சிகையில் படித்திருந்தேன். அப்படி ஒன்று செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இவ்வளவு காலமும் உங்கட கதையில இருந்த காத்தை இனி வானுக்கு அடிக்கப் போறீங்களாக்கும் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

வேலை தொடங்கியது. கப்பல் எஞ்சின் பார்த்த கைக்கு வானின் எஞ்சின் பெரிய காரியமாக இருக்கவில்லை. வானின் உடலைத் தூக்கிப் பார்த்தால் கீழே சேஸிஸ் இல்லை. சேஸிஸ் இருந்த இடத்தில் துரு இருந்தது. அபூதாஹிர் ஒரு தட்டுத் தட்டினான். வண்டியின் முதுகெலும்பு முழுவதும் மண்ணில் கொட்டியது. பழைய இறங்குதுறை ஒன்றைக் கழற்றியபோது மிஞ்சிய இரும்புச் சட்டங்களை வாங்கி, இரண்டு நீளச் சட்டமும் ஐந்து குறுக்குச் சட்டமுமாகப் புதிதாக ஒன்று கட்டினோம். மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்தோம். அரை அங்குலம் பிசகியதால் வெட்டி மறுபடியும் ஒட்டினோம். உலகத்தில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி தந்த வேலை வேறில்லை.

காற்றுக்கு, அதே ஏலத்தில் எடுத்த விமானத்தின் வால்பக்கச் சில்லுக்குள் காற்று அடைக்கும் ரியூப் எட்டு இருந்தன. சின்னது, தடிப்பானது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டிரண்டு ரியூப்பை வைத்துப் படங்குச் சீலையால் உறை தைத்து, மேலும் கீழும் இரும்புத் தட்டுக் கொடுத்து, நான்கு சில்லுக்கும் மேலே பொருத்தினோம். உறை தைத்தது குணேஸ்வரி. நான் தைத்தது காற்று அடித்ததும் பிரிந்துவிட்டது. அவள் பேசாமல் வாங்கி இரட்டைத் தையல் போட்டுத் தந்தாள்.

பழைய வில்லுத் தகடுகளை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டோம். முதல் ஓட்டத்தில் வான் நண்டு போலப் பக்கவாட்டில் நடந்தது. அச்சைப் பிடித்து வைத்திருக்க ஒரு தகடாவது வேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது. ஒன்றைத் திரும்பப் பூட்டினோம். இரண்டாவது ஓட்டத்தில் நேராகப் போனது. சந்தியில் நிறுத்தினேன். வான் நின்றது, நாங்கள் நிற்கவில்லை. மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டே இருந்தோம். எதிரே நின்ற பொலிஸ்காரர் நாங்கள் தலையாட்டுவதாக நினைத்துத் தானும் தலையாட்டினார். ஒரு பழைய காரில் இருந்து துள்ளலை அடக்கும் சொக் அப்சோபர் நான்கு கழற்றிப் போட்ட பிறகுதான் எங்கள் கழுத்துகளுக்கு அமைதி வந்தது.

புரட்டாதி முடியும்போது வான் தயார். மாம்பழ நிறத்தில் பூச்சும் அடித்தாயிற்று. குணேஸ்வரி வந்து கதவைத் திறந்தாள், இருக்கையை அழுத்தினாள், மூடினாள்.

"என்ர வயித்தை வைச்சுச் சோதிக்க ஏலாது. தயிரை வைச்சுச் சோதியுங்கோ."

அவள் சொன்னது நியாயமாகவே இருந்தது. கிண்ணியாவில் குல்சும் போடும் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. அதே தயிர் பாதை ஏறி, பஸ் ஏறிப் பட்டினத்துக்கு வரும்போது குலுங்கிக் குலுங்கிப் பாதி தண்ணியாகிவிடும். பாதை என்பது எங்கள் பக்கத்தில் வண்டிகளை ஏற்றித் துறையைக் கடக்கும் மிதவை. தண்ணி விடாமல் தயிரைக் கொண்டு வந்தால் வானில் ஏறுவேன் என்றாள் குணேஸ்வரி.

முதல் தரம் இருபது சட்டி. பாதையில் இருந்து கரைக்கு இறங்கும் இடத்தில் ஒரு சாண் பள்ளம். 'தொம்' என்றது. வீட்டில் வந்து பார்த்தால் மோர். இரண்டாம் தரம் காற்றைக் கொஞ்சம் குறைத்துப் போனோம். பாதிக்குப் பாதி தேறியது. மூன்றாம் தரம் குணேஸ்வரி மூடியிருந்த வாழையிலையை எடுத்து, ஒரு கரண்டியால் வெட்டிப் பார்த்தாள். வெட்டிய பக்கம் சுவர் போல நின்றது. ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் கலியாணத்துக்குத் தாலி கொண்டு போனபோதுகூட அந்த வெளிச்சம் இல்லை.

ஆனால் ஒரு நாள் ஓடியதை வைத்து எப்படி நம்புவது என்று கேட்டாள். பாரம் கூடினால்? மழை பெய்தால்? சீனன்குடாப் பக்கம் ரயில் கடவை இருக்கிறதே, அங்கே? சல்லிக் கிராமத்துக்குப் போகிற மணல் ரோட்டில்? நீங்கள் கப்பலைக்கூட ஒரு தரம் மட்டும் பார்த்துவிட்டா அனுப்புவீர்கள்? ஒரு பிற்றரிடம் இதைவிட மரியாதையாக யாரும் பேச முடியாது. சோதனை தொடர்ந்தது.

ஒவ்வொரு சனியும் ஞாயிறும் சோதனை. இருபது சட்டி நாற்பதாகி, நாற்பது அறுபதானது. ஒரு வாரம் சல்லி. ஒரு வாரம் நிலாவெளி. ஒரு வாரம் சீனன்குடாக் குவாட்டர்ஸ். போகும் இடத்தில் ஏதாவது ஒரு வீட்டில் சட்டிகளை இறக்கி வைத்து, தண்ணி விட்டதா என்று அவர்களையே பார்க்கச் சொல்ல வேண்டும். வீட்டார் பார்த்தால்தான் பக்கச் சார்பு இருக்காது என்றாள் குணேஸ்வரி. நான் அதை மிகவும் பாராட்டினேன். மார்கழி மழையிலும் சோதித்தோம். தைப்பொங்கல் வந்தது. பொங்கலுக்கு முதல் நாள் மட்டும் மூன்று சோதனை.

தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை சீனன்குடாவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். பாக்கியரத்தினம் என்ற கிளாக்கரின் வீடு. அவர் மனைவி கதவைத் திறந்து சட்டியை வாங்கினார். நான் வழக்கம்போலத் தண்ணி விட்டிருக்கிறதா என்று பாருங்கள் என்றேன். அவர் பார்க்கவில்லை. அடுத்த கிழமை விருந்தாட்கள் வருகினம், இரண்டு சட்டி கூடத் தந்துவிடச் சொல்லிக் குணேஸ்வரி அக்காவிட்டச் சொல்லுங்கோ, காசை வழக்கம்போல அவவிட்டையே குடுக்கிறன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அக்கா தயிர் விற்க அனுப்பிவிட்ட ஆள் நான்தான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வானுக்குத் திரும்பி வந்து அபூதாஹிரிடம் சொன்னேன். அவன் வானின் முன்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். துடைத்துக்கொண்டே சொன்னான். "நான் நாலாம் கிழமையே விளங்கிக்கிட்டன் அண்ணன். ஆனா வீட்டில இப்ப என்னோட சிரிச்சுக் கதைக்கிறா. அதைக் கெடுப்பானேன் எண்டு விட்டுட்டன்."

அன்று மத்தியானம் நான் சாப்பிடாமல் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குணேஸ்வரி வந்து எதிரே இருந்தாள். நான் எல்லாவற்றையும் கேட்டேன். அவள் ஒன்றையும் மறுக்கவில்லை. பஸ்ஸில் தயிர் கெட்டுப் போவதைப் பார்த்துப் பார்த்து ஏழு வருடமாகத் தானும் குல்சுமும் தயிர் விற்க ஒரு நல்ல வண்டிக்கு ஏங்கியதாகச் சொன்னாள். நேரே கேட்டிருந்தால் செய்து தந்திருப்பேனே என்றேன்.

"தந்திருப்பீங்கள். ஆனா இவ்வளவு திறமாச் செய்திருக்க மாட்டீங்கள். எனக்கு எண்டு செய்திருந்தா வில்லோட விட்டிருப்பீங்கள். என்னை விட்டிட்டு ஓடுறதுக்கு எண்டபடியாத்தான் காத்து வைச்சீங்கள்."

அவள் எழுந்து சோற்றைப் போட்டாள். நாலு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வரும் வரைக்கும் வாசல் படலையடியில் நின்றதாகச் சொன்னாள். சட்டியைப் பார்க்கவில்லையாம். "ரியூப் வெடிச்சு எங்கையாவது கிடக்கிறாரோ எண்டுதான் முதல் பார்க்கிறனான்" என்றாள். பிறகு மீன் தலையை என் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். என் கோபத்துக்கு அதற்கு மேல் நிற்க இடம் கிடைக்கவில்லை.

பயணம் போகத்தான் வேண்டும் என்று மட்டும் உறுதியாகச் சொன்னேன். ஓம், போவம், லீவு எடுங்கோ, நானும் குல்சுமும் வாறம் என்றாள். மனைவி இல்லாமல் என்ற இரண்டு சொல்லையும் நான் தேடிப் பார்த்தேன். காணவில்லை. தேட மனமும் இல்லை.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை புறப்பட்டோம். குணேஸ்வரி என் பக்கத்தில். அபூதாஹிரும் குல்சுமும் பின்னால், பாய்ச் சுற்றுகளோடும் சாப்பாட்டுப் பெட்டியோடும். மூன்றாம் கட்டை வந்தது. அவளைத் திரும்பிப் பார்த்தேன். வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் கட்டை, ஏழாம் கட்டை. பத்தாம் கட்டையில் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். வண்டியில் அவள் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தரம். கியர் மாற்ற இடது கையைத் தூக்கினால் எழும்பிவிடுவாள் என்று இரண்டாம் கியரிலேயே ஓட்டினேன். பின்னால் வந்த மாட்டு வண்டி ஒன்று எங்களை முந்திப் போனது. போகட்டும் என்று விட்டேன்.

கந்தளாய்க் குளத்தடியில் அவள் கண் விழித்து நிறுத்தச் சொன்னாள். பெண்கள் இருவரும் இறங்கிக் குளக்கட்டில் நடந்தார்கள். ரசிக்கட்டும் என்று நானும் அபூதாஹிரும் மர நிழலில் பிளேன்ரீ குடித்தோம். திரும்பிப் பார்த்தால் இருவரும் கட்டுக்குக் கீழே எருமைப் பட்டிக்காரர் ஒருவரோடு நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். பட்டியில் இருநூறு எருமையாவது இருக்கும். குல்சும் ஓடி வந்து வானின் பின்கதவைத் திறந்து பாய்ச் சுற்றை அவிழ்த்தாள். உள்ளே பால் வாங்கும் வெறும் கான் எட்டு.

எட்டும் நிறைந்து வந்தன. எருமைப்பால் வெயிலில் எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்று எனக்கும் தெரியும். யாரும் சொல்லாமலே நான் வானைத் திருகோணமலைப் பக்கம் திருப்பினேன். கான்களில் ஒரு சலனம் இல்லை. அந்தப் பெருமையை அனுபவிக்கவும் முடியவில்லை.

கொஞ்சத் தூரம் வந்த பிறகு, எனக்கு இன்னும் ஒன்பதரை நாள் லீவு கிடக்கிறதே என்று மெல்லச் சொன்னேன்.

"தெரியும்," என்றாள் குணேஸ்வரி. "அவ்வளவு நாளுக்கும் தயிருக்கு ஓடர் எடுத்திட்டன்."