என் சாட்சியும் தேசம்மா அக்காவின் நாற்றங்காலும்

எனக்குப் பேச வராது என்று இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. நிறுத்த வராது என்பதுதான் குறை. அதுவும் மனதுக்குப் பிடித்த விஷயமாக இருந்துவிட்டால் கால் தரையில் இருக்காது. இந்தக் குறையால், ஒரு டிசம்பர் மாதக் காலையில், ஆண்டவரைப் பற்றிப் பேசிக்கொண்டே இன்னொருவருடைய முப்பது கிலோ விதைநெல்லைத் தண்ணீரில் விட்டவன் நான்.

உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். (பத்தாவது பாஸ் ஆன அன்றிலிருந்து நைனா என்னை ‘சார்’ என்று கூப்பிடுகிறார். கிண்டலா மரியாதையா என்று இன்றுவரை தெரியாது.) காலேஜ் முடித்த வருடம் எங்கள் சபையில் வாலிபர்களுக்கு மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். வந்து பேசிய ஐயா ஒன்று சொன்னார்: “பிரசங்கம் பண்ணாதீங்க. சும்மா பேசுங்க. எதிர்ல இருக்கிறவங்க கையில என்ன இருக்கோ, அதுல இருந்தே ஆண்டவரைப் பத்திப் பேச்சை ஆரம்பிங்க.”

அன்றே ஒரு நோட்டு வாங்கி, ஊரில் யார் யார் கையில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டேன். முதல் பெயர் சலூன்காரர், கத்தரிக்கோல். நாற்காலியில் உட்கார்ந்ததும், “நம்ம தலையில இருக்கிற முடியைக்கூட ஒண்ணு விடாம கடவுள் எண்ணி வெச்சிருக்காருண்ணா” என்றேன். அவர் என் உச்சந்தலையை விலக்கிப் பார்த்துவிட்டு, “ஒன் முடிய எண்றதுக்கு அவருக்கு ரொம்ப நேரம் ஆவாது தம்பி” என்றார். பேச்சு அங்கேயே முடிந்தது.

இரண்டாவது பெயர் தேசம்மா அக்கா. எங்கள் குத்தகைக் கழனிக்கு ஒரு வரப்பு தாழ அவர் கழனி. வீட்டுக்காரர் லாரியில் போய்விடுவார். விதைப்பிலிருந்து அறுப்புவரை எல்லாம் அக்காதான். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவர்.

அன்று ஏரித் தண்ணீர் எங்கள் முறை. நவரைப் பட்டத்துக்கு (மார்கழியில் தொடங்கும் நெல் பருவம்) நாங்களும் நாற்றங்கால் விட வேண்டும். எங்கள் விதைநெல் வீட்டில் சாக்குக்குள் முளைவிட்டுக்கொண்டிருந்தது. நைனா வாய்க்கால் கரையை வெட்டி மடையைத் திறந்துவிட்டு, மண்வெட்டியை என் கையில் கொடுத்தார்.

“தண்ணி கணுக்கால் ஏறினதும் மடைய கட்டிடு. கீழண்ட தேசம்மா நாத்தாங்கால் வுட்டுக்கினு கீது. ஞாபகம் வெச்சிக்கோ.” (என்னை அறிந்தவர் என்பதால் இரண்டு தடவை சொன்னார்.) நாஷ்டாவுக்குக் கிளம்பிப் போனார்.

பனி இன்னும் கலையவில்லை. உழுத மண்ணைத் தடவித் தடவித் தண்ணீர் வந்தது. அதன் பின்னாலேயே வானமும் மெல்லக் கழனிக்குள் இறங்கியது. ஒரு கொக்கு தன் மேலேயே தான் நின்றுகொண்டிருந்தது. கீழே தேசம்மா அக்கா முளைகட்டிய நெல்லைக் கூடையிலிருந்து அள்ளி வீசிக்கொண்டிருந்தார். நெல் விழுந்த இடமெல்லாம் சின்னச் சின்ன வட்டம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இயேசு சொன்ன விதைக்கிறவன் கதை கண்ணெதிரே நடக்கிறது! மண்வெட்டியை வரப்பில் குத்திவிட்டு இறங்கிப் போனேன்.

“அக்கா, ஒருத்தர் வெதைக்கப் போனாராம்.”

“யார்ரா அது? நம்மூர்க்காரரா?”

“இல்லக்கா, இயேசு சொன்ன கதை. கொஞ்சம் வெத வழியில வுழுந்துச்சாம். பறவைங்க வந்து தின்னுட்டுச்சாம்.”

“வழியில எதுக்கு வெதச்சான்?”

“தவறி வுழுந்துச்சிக்கா. கொஞ்சம் பாறை மேல வுழுந்து, மொளச்சி, காஞ்சி பூட்ச்சாம்.”

“பாறையிலயுமா? இன்னாடா ஆளு அவன், குடிச்சிட்டு வந்தானா?”

“அப்புறம் கொஞ்சம் முள்ளுல...”

அக்கா காலிக் கூடையை வரப்பில் கவிழ்த்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். “டேய், இந்த வெதநெல்லுக்கு வெவசாய டிப்போல ரெண்டு நாளு நின்னேன்டா நானு. கடைசி மூட்ட. எனக்குப் பின்னாடி நின்னவங்க வெறுங்கையோட போனாங்க. இந்தாளு இன்னான்னா கல்லுலயும் முள்ளுலயும் எறச்சிக்கினு போறான்!”

கேள்வி கேட்கிறார் என்றால் மனம் திறக்கிறது என்று அர்த்தம் (பயிற்சியில் சொன்னது). நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் கிழக்கே பார்த்திருந்தோம். எங்கள் கழனி முதுகுப்பக்கம். முள் என்றால் கவலைகள், பாறை என்றால் வேர் பிடிக்காத மனசு என்று சொல்லிக்கொண்டே போனேன். வெயில் பனிக்குள் பாலாய்க் கலந்தது. என் குரல் எனக்கே எங்கோ தொலைவிலிருந்து கேட்டது. பின்னால் தண்ணீரின் சலசலப்பு வேறு. என் பேச்சுக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“நாலாவதா, நல்ல நெலத்துல வுழுந்த வெத...” என்று நாற்றங்காலைக் கைநீட்டிக் காட்டினேன். நான் காட்டிய நல்ல நிலம் நகர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் கழனி நிரம்பித் ததும்பி, தண்ணீர் வரப்பிலிருந்த நண்டு வளையில் புகுந்து, வளை ஓட்டையாகி, ஓட்டை உடைப்பாகிவிட்டது. அக்காவின் நெல் இன்னும் மண்ணைப் பிடிக்கவில்லை. மொத்தமும் பொன்னிறப் பாய் போல மேலே எழும்பி, நிதானமாக ஒரு சுற்று சுற்றி, வடிகால் வழியே வெளியே போனது. சொல்ல வெட்கமாக இருக்கிறது: ஒரு கணம், எவ்வளவு அழகு என்றுதான் தோன்றியது.

“அய்யய்யோ, மடைய கட்டுடா!”

அக்கா மடைக்கு ஓடினார். நான் உடைப்புக்கு ஓடினேன். மண்வெட்டியைக் காணோம், அதைக் குத்தி வைத்த வரப்போடு சேர்ந்து அதுவும் சரிந்திருந்தது. கையால் அள்ளிப் போட்ட சேறு நிற்கவில்லை. கடைசியில் உடைப்பில் நானே உட்கார்ந்தேன். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்த நைனா கண்டது அதைத்தான்: காலேஜ் படித்த மகன், வரப்பாக.

அக்கா சுற்றிலும் பார்த்தார். கொஞ்சம் நெல் நடைபாதையில் ஒதுங்கியிருந்தது. கொக்குகள் வேலையைத் தொடங்கியிருந்தன. கொஞ்சம் துணி துவைக்கிற கல் மேல். மிச்சம் வாய்க்காலோரக் கருவேல முள்ளில்.

“நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சிடா. வழியில கீது, கல்லு மேல கீது, முள்ளுல கீது. நல்ல நெலத்துல மட்டும் ஒண்ணுகூட இல்ல.”

சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். டிப்போவில் விதை இல்லை. எங்கேயோ தேடி வாங்கி நாற்று வளர்ப்பதற்குள் ஏரி வற்றிவிட்டால் அந்தப் பட்டமே போச்சு. சாப்பாடே அந்த நெல்தான் அவர் வீட்டில்.

நைனா நேராக வீட்டுக்குப் போய், எங்கள் விதைநெல் முளைவிட்டிருந்த சாக்கைத் தூக்கி வந்து என் தலையில் ஏற்றினார்.

“அக்காகிட்ட குடு. வாய தொறக்காத.”

திறக்கவில்லை. மதியம் சோறு போடும்போது அம்மா மட்டும் மெதுவாகச் சொன்னாள்: “ஆண்டவரு கோச்சிக்க மாட்டாருப்பா. ஒங்க நைனா கோச்சிக்கும். தட்ட எடுத்துக்கினு தோட்டத்துக்குப் போயிடு.”

அடுத்த இருபத்தைந்து நாளும் அக்காவின் நாற்றங்காலுக்கு நான்தான் காவல். கொக்கு விரட்டினேன், தண்ணீர் கட்டினேன், நாற்றுப் பறித்தேன். நோட்டைத் தொடவில்லை. நடவு முடிந்த அன்று, மிஞ்சிய நாற்றுக் கட்டுகளை அக்கா ஒவ்வொன்றாக எங்கள் கழனிக்குள் வீசினார். பாதிக் கழனிக்குப் போதும். பிறகு வாய்க்காலில் கை கழுவிக்கொண்டே கேட்டார்:

“ஏன்டா, அந்தக் கதையில நல்ல நெலத்துல வுழுந்த நெல்லு இன்னா ஆச்சி? அன்னிக்கி நடுவுல வுட்டுட்டியே.”

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் ‘சொல்லு’ என்பதுபோல் தலையை ஆட்டினார்.

“முப்பது மடங்கு, அறுபது மடங்கு, நூறு மடங்குன்னு வெளஞ்சிச்சிக்கா.”

“நூறா?” அக்கா சட்டென்று நிமிர்ந்தார். “அது எந்த ரகம்டா?”

இன்றும் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்க நான் கண்ணை மூடினால், “சார், மடைய கட்டிட்டீங்களா?” என்று ஒரு குரல் வரும். தேசம்மா அக்கா இன்னும் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறார். ஆனால் நடவுக்கு நடவு, உடன் நடுகிற பெண்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்கிறார். இயேசு சொன்னது நான்கு நிலம். அக்காவின் கதையில் ஐந்து.

“வழி ஒண்ணு, பாற ஒண்ணு, முள்ளு ஒண்ணு, நல்ல நெலம் ஒண்ணு. அஞ்சாவது, தோ வரப்புல பேசிக்கினு நிக்கிது பாரு, அதுக்குப் பக்கத்துக் கழனி!”

என் நோட்டில் இருந்த அத்தனை பேருக்கும் இன்று அந்தக் கதை தெரியும், சலூன்காரர் உட்பட. அக்காவைத் தவிர அவர்களில் ஒருவருக்குக்கூட அதைச் சொன்னது நானில்லை.