தோப்புக்கரண டாக்டர்

தூங்க வைப்பதற்கென்றே படித்துவிட்டு யாரையும் நிம்மதியாகப் படுக்க விடாத ஒரே டாக்டர், உலகத்திலேயே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்.

எழுபதுகளில் பீர்மேட்டில் நான் நர்ஸ். ஆபரேஷனுக்கு வந்தவரைப் படுக்க வைத்து பிரஷர் பார்ப்பார் மயக்க டாக்டர். எழுப்பி நிறுத்திப் பார்ப்பார். மறுபடி படு, மறுபடி எழு. பல் பிடுங்க வந்த ஒரு கங்காணியை ஆறு முறை எழுப்பினார். ஏழாவது முறை எழுந்தவர் நேரே வீட்டுக்கு நடந்துவிட்டார். தோட்டமே 'தோப்புக்கரண டாக்டர்' என்று பேர் வைத்தது. அவருக்காக பிரஷர் பம்ப்பை அடித்து அடித்து வீங்கியதென்னவோ என் கைதான். டாக்டர் கிழக்குப் பாலக்காட்டுக்காரர், அதட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் அதட்டுவார்.

என் அண்ணன் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தான். பல வருடச் சர்க்கரை நோய். தேயிலை ஃபாக்டரியில் எழுந்து நின்றால் சுருண்டு விழுவான். குடி என்றது ஊர். சலித்துப்போய் நானும் கேஸ் சீட்டில் 'குடிப்பழக்கம்' என்று எழுதிவிட்டேன்.

"எழுப்பி நிறுத்தியும் நாடி கடிகாரம் மாதிரி ஒரே சீரா இருக்கு, சார்" என்றேன்.

"அதுதானுங்க பயம். நின்னதும் பிரஷர் பாதியாயிருச்சு, ஏற வேண்டிய நாடி கொஞ்சங்கூட ஏறலீங்க. சர்க்கரை உள்நரம்பைத் தின்னுருச்சு, அதாலதானுங்க விழறாரு. மயக்கத்துல பிரஷர் விழுந்தா, தூக்கி நிறுத்த இவருக்குள்ள ஆளில்லீங்க. இன்னிக்கு வேண்டாமுங்க."

"மூணு பொட்டப்புள்ள வச்சிருக்கான், சார்!"

"அதுக்குத்தானுங்க வேண்டாங்கறேன், சிஸ்டர்."

இரண்டு நாள் சலைன் ஏற்றினார். மூன்றாம் நாள், குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவது போல மயக்க மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். அப்படியும் பிரஷர் விழுந்தது.

"ஒண்ணும் கேக்கல, சார்." ஸ்டெதாஸ்கோப்பை அண்ணன் கையில் மாற்றி வைத்துப் பார்த்தேன்.

"காலைத் தூக்குங்க. சலைனை வேகமா விடுங்க." பிரஷர் ஏற்றும் மருந்தை வழக்கத்தில் கால்வாசிதான் கொடுத்தார். "கூடப் போனா தலைக்கு ஏறிக்குமுங்க."

பம்ப்பை அடித்துக்கொண்டே இருந்தேன். பத்தாவது முறை லேசாகக் கேட்டது. அங்கேயே அழுதேன்.

மேசையிலிருந்து கட்டிலுக்கு மாற்றவே கால் மணி நேரம் ஆக்கினார். சாயங்காலம் அண்ணன் கண் திறந்து பேசினான்.

"நான் குடிக்கலன்னு எந்தங்கச்சிகிட்டயாவது சொல்லுங்கய்யா."

"அது அவங்களுக்கு எப்பவோ தெரியுமுங்க" என்றார் டாக்டர். சொல்லிக்கொண்டே கேஸ் சீட்டை எடுத்து, என் கையெழுத்தில் இருந்த அந்தச் சொல்லை அடித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த ஒரு பொய்க்காகவே அந்த மனிதரை எனக்கு இன்றும் பிடிக்கும்.