வெள்ளைத் துணிக்குள் ஒரு சிரிப்பு

“அத்தான், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் உந்த ரீவியைத் தொடக்கூடாது. செத்த வீட்டில நாடகம் பாத்தால் சனம் என்ன சொல்லும்?”

மைத்துனி சிவக்கொழுந்து ஒரு வெள்ளை வேட்டியை உதறி ரீவியை மூடினாள். பிளக்கை மட்டும் கழற்றவில்லை.

மயில்வாகனத்துக்கு அதுவரை ரீவி நினைப்பே இல்லை. மனைவி பூரணம் போனதிலிருந்து அவருக்கு எந்த நினைப்பும் இல்லை. சுருவில் ஊர்ச் சனம் முழுக்க அவருடைய கண்ணையே பார்த்தது. ஒரு சொட்டு வரவில்லை. சோறும் இறங்கவில்லை.

“மனுசன் அழவேணும். அழாட்டி நெஞ்சுக்குள்ள கட்டிப்போடும்,” என்றாள் பக்கத்து வீட்டு அஞ்சலா.

தொடக்கூடாது என்றதும் அவருக்குக் கை துறுதுறுத்தது. ஏழு மணிக்கு ‘செல்லர் கடை’ நாடகம் போகும். பூரணம் விழுந்து விழுந்து சிரித்துப் பார்ப்பாள். “விசர் நாடகம்,” என்று ஏசிவிட்டு இவர் முற்றத்துக்குப் போய்விடுவார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அவளுக்கு அதே கவலை. “நாடகத்தில செல்லரின்ர பெண்சாதி செத்துப்போனாள். இனி அந்தாள் என்ன செய்யப்போகுதோ?”

உண்மைதானே, அந்தச் செல்லர் இப்ப என்ன செய்கிறார்?

அன்று ஏழு மணிக்குச் சத்தத்தை அடைத்துவிட்டு, பழைய காலத்துப் படப்பிடிப்பாளர் மாதிரி வேட்டிக்குள் தலையை விட்டார். செல்லர் முதன்முதலாகப் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். குழல் வெடித்துப் புட்டு முகட்டில் ஒட்டியது. செல்லர் குடையை விரித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து, விழ விழச் சாப்பிட்டார். மயில்வாகனத்துக்குச் சிரிப்பில் தோள் குலுங்கியது.

யன்னலால் எட்டிப் பார்த்த அஞ்சலா நெஞ்சில் கைவைத்தாள்.

“கொழுந்தக்கா! ஓடிவாங்கோ! மனுசன் அழுதிட்டுது!”

“சத்தம் போடாதை. அழட்டும், விடு.”

செய்தி ஊரைச் சுற்றியது. மறுநாள் ஆறே முக்காலுக்கே பெண்கள் கோப்பிப் போத்தலோடு வந்து அவரைச் சுற்றிக் குந்திவிட்டார்கள்.

“நீங்கள் அழுங்கோ அண்ணை. நாங்கள் இருக்கிறம்.”

அழுகை வரவில்லை. செல்லரையும் பார்க்க முடியவில்லை. அஞ்சலா எடுத்துக்கொடுத்த ஒப்பாரிதான் எட்டு மணிவரை நீண்டது.

அடுத்த நாள் சிவக்கொழுந்தின் மகள் நிருஜாவை மெல்லக் கூப்பிட்டார்.

“பிள்ளை, உம்மட போனை ஒருக்காத் தாரும். கொழும்புக்கு ஒரு கதை கதைக்கவேணும்.”

“கொழும்புக்குக் கதைக்க இயர்போன் வேணுமே, பெரியப்பா?”

“ஓம், ஓம். அதையும் தாரும்.”

அவள் முதல்நாள் விட்டுப்போன நாடகத்தையே போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. கிணற்றுக்கட்டில் சாய்ந்து பார்த்தார். செல்லர் தன் சட்டையைத் தானே தோய்க்க, சட்டை நீலமாகி, கையும் நீலமாகி, கடைக்கு வந்த நாயும் நீலமாகிவிட்டது. மயில்வாகனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் குனிந்தார்.

“ஐயோ! மனுசன் குதிக்கப்போகுது!”

அஞ்சலா இடுப்பைப் பிடிக்க, சிவக்கொழுந்து சாரத்தைப் பிடிக்க, போன் தொபுக்கென்று தண்ணீருக்குள் போனது.

“ஐயோ, செல்லர் விழுந்திட்டார்!” என்று கத்தினார் மயில்வாகனம்.

“ஆர் செல்லர்? உள்ளுக்க ஆள் கிடக்கோ? வாளியை விடுங்கோ!”

சனம் கூடிவிட்டது. கயிறு வந்தது. ஏணி வந்தது. இனி மறைக்க ஏலாது.

“அது... நாடகத்தில வாற செல்லர்.”

கயிறு பிடித்தவர்கள் கயிற்றைக் கீழே போட்டார்கள்.

“என்னை என்னவெண்டாலும் சொல்லுங்கோ. பெண்சாதி இல்லாமல் அந்தாள் என்ன செய்யுதெண்டு நான் பாக்கவேணும்.”

மணி ஏழாகியிருந்தது. விறுவிறென்று உள்ளே போய் வேட்டியை இழுத்தெறிந்து, ரீவியைப் போட்டுச் சத்தத்தையும் கூட்டினார். ஒருவரும் தடுக்கவில்லை. சனமும் பின்னாலேயே வந்து நின்றது.

செல்லர் தேத்தண்ணிக்குள் நாலு கரண்டி சீனி போட்டுவிட்டுக் குசினிப் பக்கம் பார்த்தார். ஏச ஆளில்லை. கோப்பையோடு கடை வாசலுக்கு வந்து, தெருவால் போனவனை மறித்தார்.

“நாலு கரண்டி போட்டிட்டன். ஒருக்கா ஏசுங்கோவன்.”

“பரவாயில்லை, குடியுங்கோ அண்ணை.”

தெருத்தெருவாகக் கெஞ்சினார். எல்லாரும் பாவம் பார்த்தார்கள். கடைசியில் துறையடியில் ஒரு படகுக்காரன் மேல் தேத்தண்ணியை ஊற்றிவிட்டார்.

“கண் என்ன பிடரியிலயோ, மாடே!”

செல்லர் அவனை இறுகக் கட்டிக்கொண்டார். “இன்னொருக்கா ஏசு, தம்பி!”

வீடே சிரித்தது. செல்லர் அவன் தோளிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. சிரிப்பு அடங்கியபிறகும் எடுக்கவில்லை. அதை எழுதியவன் எவனோ, ஒரு செத்த வீட்டிலிருந்து எழும்பி வந்துதான் எழுதியிருக்கவேண்டும்.

மயில்வாகனத்தின் சிரிப்பு பாதியில் உடைந்தது. “பூரணம்!” என்றார். பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் அழுவதுபோல் அழுதார்.

அழுது முடிய வெகுநேரம் எடுத்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மைத்துனியைப் பார்த்தார்.

“குறை நினையாதை, கொழுந்து. நீ சொல்லியும் கேக்காமல் ரீவி போட்டிட்டன். கொக்கா பூரணம் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பா?”

சிவக்கொழுந்து நிலத்தில் கிடந்த வேட்டியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். நிருஜாதான் சொன்னாள்:

“பெரியம்மாதான் ஆஸ்பத்திரி வாட்டில கிடந்துகொண்டு அம்மாட்டைச் சொன்னவ, ‘பார் எண்டால் அந்த மனுசன் பாக்காது, நான் போனாப்பிறகு ரீவியை மூடித் தொடக்கூடாது எண்டு சொல்லு’ எண்டு.”