பஞ்சக்கா போட்ட வெற்றிலை

ஏற்காட்டு மலையில் பல் பிடுங்கிக்கொண்ட எவரும் பஞ்சக்காவுக்குத் தெரியாமல் எச்சில் துப்பியதில்லை. துப்பியவர்கள் மறுநாளே மாட்டிக்கொண்டார்கள்.

பல் டாக்டரின் கிளினிக்கில் உதவிக்கு இருந்தவர். நிஜப் பெயர் என்னவோ, எனக்குத் தெரியாது. பல் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்வதால் ஊருக்கே பஞ்சக்கா. டாக்டரின் வேலை பல்லோடு முடிந்துவிடும். அக்காவின் வேலை அப்புறம்தான் ஆரம்பம். எதிர்க் கடையில் வீங்கிய கன்னத்தோடு யாராவது டீ கிளாஸைத் தூக்கினால் ஓடிவந்து வாங்கி, "ஆறட்டுங்க" என்று ஜன்னலில் வைத்துவிடுவார். ஒருமுறை குப்பனூர் பஸ்ஸுக்குள்ளேயே ஏறிவிட்டார். "ஏனுங்க கண்டக்டரே, இவருக்கு ஜன்னல் சீட்டு வேண்டாமுங்க, துப்பிப்போடுவாரு, அப்பறம் புண்ணு ஆறாதுங்க" என்று ஒரு மிளகு வியாபாரியை இடம் மாற்றி உட்காரவைத்தார்.

வெற்றிலை என்றால் அவருக்கு ஜென்மப் பகை.

என் கடைவாய்ப் பல், மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் பார்த்துத்தான் உயிரை வாங்கியது. ஈறைக் கீறி எடுத்துத் தையல் போட்டார்கள். "நாளைக்கு விசேஷமுங்களா? வெத்தல கித்தல போட்டீங்கன்னா ரத்தம் நிக்காதுங்க" என்றார் பஞ்சக்கா. தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் கிளியூரில் எங்கள் வீட்டில் தட்டு மாற்றியாயிற்று. சேலத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாத்தா வெற்றிலை மடித்து என்னிடம் நீட்டினார்.

"போடுங்க சம்பந்தி. ரெண்டு ஊடும் ஒண்ணாப் போட்டாத்தானுங்க சம்பந்தம்."

என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. என் மனைவி விளக்கிப் பார்த்தாள். பெரியவர் கேட்பதாயில்லை. "மொத மருவாதியே வேண்டாமுன்னா அப்பறம் என்னங்க?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். மகளின் முகம் வெளுத்துப்போனது. ரத்தம் வந்தால் வரட்டும், அவள் கல்யாணம் நின்றுபோகக் கூடாது என்று வெற்றிலையை வாயருகே கொண்டுபோனேன்.

அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றினார் பஞ்சக்கா. தையலைப் பார்த்துவிட்டுப் போக வந்தாராம். நேராக வந்து என் கையிலிருந்ததைப் பிடுங்கினார்.

"நீங்க யாருங்க?" என்றார் பெரியவர்.

"இவரு எந்தம்பிங்க. தம்பிக்கு வாயெல்லாம் தையலு. எங்க ஊட்டுப் பங்கு வெத்தலய நானே போட்டுக்கறனுங்க."

சொன்னவர் அப்படியே வாயில் திணித்துக்கொண்டார். பழக்கமில்லாத நாக்கு, சுண்ணாம்பு சுட்டு இரண்டு கண்ணிலும் நீர் கொட்டியது. ஆனாலும் துப்பவில்லை. பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்காளே போட்டாச்சு, அப்பறம் என்ன?" என்று உட்கார்ந்தார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அத்தைக்கென்று தனியாக ஒரு புடவை கொண்டுவந்து, அவர் எங்கே என்று கேட்டார்கள். பந்தியில் கன்னம் வீங்கிய யாரோ ஒருவரின் இலையிலிருந்து முறுக்கைப் பறிமுதல் செய்துகொண்டிருந்தவரைக் காட்டினேன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமே இல்லை என்பதை, வாய் நன்றாக ஆறிய பிறகும், நான் யாரிடமும் சொல்லவில்லை.