மார்லிஸின் இடது பக்கம்

எர்வினுக்கு அந்த நாற்காலி பிடிக்கவில்லை. நாற்காலி என்னவோ நல்ல நாற்காலிதான். மலை உச்சி ஓட்டலின் வட்ட மேஜையில், மூவாயிரம் மீட்டர் உயரத்து வெயில் மடியில் விழுகிற மாதிரி, மனைவி மார்லிஸுக்கு இடது பக்கத்தில் போட்டிருந்தது. மார்லிஸுக்கு வலது பக்கத்தில் ரெனாட்டோ உட்கார்ந்திருந்ததுதான் வினை.

ரெனாட்டோ மாட்டு டாக்டர். தெற்கே தெசினோவிலிருந்து வந்தவன். ஊர்ப் பாடகர் குழுவில் சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் எர்வின் பாடிக்கொண்டிருந்த பாட்டெல்லாம் அவனுக்குப் போய்விட்டது. இன்று குழுவின் வருடாந்திர மலைப் பயணம். காலையில் ரோப் காரில் ஏறும்போது மார்லிஸின் தொப்பி காற்றில் பறந்தது. பாய்ந்து பிடித்துக் கொடுத்தவன் புருஷன் இல்லை, மாட்டு டாக்டர். அப்போது எரிய ஆரம்பித்த வயிறு இன்னும் அணையவில்லை.

"இங்க வெயில் கண்ணைக் குத்துது" என்று எர்வின் எழுந்தான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் மார்லிஸுக்கும் ரெனாட்டோவுக்கும் நடுவில் செருகினான்.

"என்னங்க, அங்கேயே இருங்களேன். நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் மார்லிஸ்.

"ஏன்? நான் இங்க வந்தா உனக்கென்ன கஷ்டம்?"

மார்லிஸின் முகம் சுண்டிப்போயிற்று. ஆஹா, பிடிக்கவில்லை பார், என்று எர்வின் மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

அவன் காலி செய்த இடத்துக்கு, மேஜையின் நாலாவது ஆள், எதிரே இருந்த ஆகஸ்ட், நகர்ந்து வந்தார். குழுத் தலைவர், எழுபத்தொன்பது வயது. இவரால் என்ன கெட்டுவிடப்போகிறது?

பரிமாறுகிற வ்ரேனி, கொதிக்கிற சீஸ் சட்டியை மேஜை நடுவில் வைத்தாள். ரொட்டித் துண்டைக் குத்திச் சீஸில் முக்கித் தின்ன ஆளுக்கொரு நீளமான முள்கரண்டி, ஆளுக்கொரு ரொட்டிக் கூடை. "சட்டம் தெரியுமில்ல? ரொட்டியைச் சட்டிக்குள்ள தவற விட்டா, ஆம்பளைன்னா வெறுங்காலோட பனியில ஒரு சுத்து ஓடணும். பொம்பளைன்னா இடது பக்கத்து ஆளுக்கு ஒரு முத்தம்!"

பால்குடி மறந்த நாள் முதல் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். ஆனாலும் மேஜைக்கு மேஜை அதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் அடுத்த வேலை பார்ப்பாள்.

மார்லிஸ் ரொட்டியைக் குத்திச் சட்டியில் விட்டாள். கரண்டி வெறுமனே வெளியே வந்தது.

"விழுந்துடுச்சு! விழுந்துடுச்சு!" என்று ஆகஸ்ட் கைதட்டினார். மீசையைத் துடைத்துக்கொண்டு கன்னத்தை நீட்டினார். மார்லிஸ், வேறு வழியில்லாமல், ஒரு முத்தம் வைத்தாள்.

"அடடா! ஒம்பது வருஷமா சும்மாக் கிடந்த கன்னம்மா இது!" என்றார் கிழவர். "அடுத்த ரொட்டியும் விழணும் சாமி!"

எழுபத்தொன்பது வயதுக்கு இவ்வளவு ஆசையா? எர்வினுக்குச் சீஸ் கசந்தது.

"மார்லிஸ், உனக்கு ஜன்னல் காத்து அடிக்குது. தலைவரோட இடம் மாத்திக்க."

"எனக்கு ஒரு காத்தும் அடிக்கல."

"அடிக்குதுங்கறேன்ல! எந்திரி!"

இருவரும் அவரவர் கரண்டி, கூடையோடு இடம் மாறினார்கள். கிழவரைப் பத்திரமாக வலது பக்கத்துக்குக் கடத்தியாயிற்று என்று எர்வின் மூச்சு விட்டான். அப்புறம்தான் இடது பக்கம் யார் என்று பார்த்தான். ரெனாட்டோ. ஓணானைத் தூக்கித் தானே மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

"மார்லிஸ், நீ சாப்பிட்டது போதும்!" என்று கத்துவதற்குள் ரொட்டி சட்டிக்குள் போய்விட்டது.

மார்லிஸ் எர்வினை ஒரு முறை முறைத்தாள். பிறகு ரெனாட்டோவின் கன்னத்தில் வைத்தாள். சத்தம் பக்கத்து மேஜை வரை கேட்டது.

"மன்னிச்சுக்கங்கண்ணே, சட்டம்!" என்று ரெனாட்டோ சிரித்தான். அந்தப் பற்களைப் பார்த்தபோது எர்வினுக்குக் காதில் புகை வந்தது.

ரெனாட்டோ அடுத்த துண்டைச் சட்டியிலிருந்து எடுக்கும்போது எர்வினுக்குத் திடீரென்று தும்மல் வந்தது. தும்மலோடு முழங்கையும் வந்தது. ரெனாட்டோவின் ரொட்டி முங்கிப் போயிற்று.

"ஓடு ராசா, ஓடு!" என்று கிழவர் குதித்தார். ரெனாட்டோ பூட்ஸையும் காலுறையையும் கழற்றிவிட்டு வெளியே ஓடினான்.

எர்வின் விரல் விட்டு எண்ணினான். ரெனாட்டோ இல்லை. அவனுக்கு அடுத்து யார்? நான்! முதல் தடவையாக முகம் மலர்ந்து, தலையைக்கூட வாரிக்கொண்டான். மார்லிஸும் அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"யாரும் இல்லையே? ரெண்டு நிமிஷம் உக்காந்துக்கறேன், இடுப்பு விட்டுப்போச்சு" என்று ஒருவன் வந்து காலி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். ஆறடி உயரம், தங்கத் தாடி.

மார்லிஸ் பதறிப்போய்க் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் தூக்கினாள். ரொட்டி நழுவியது.

தாடியோரம் ஒரு முத்தம் விழுந்ததும் கூடம் முழுக்கக் கைதட்டல். தாடிக்காரன் இடுப்பு வலியை மறந்துவிட்டான். "இந்த வேலைக்கு வந்து இன்னைக்குத்தான் கொடுத்து வச்சிருக்கேன்!" என்றான்.

மார்லிஸ் கரண்டியை மேஜையில் எறிந்தாள். கண் கலங்கியிருந்தது. "உங்களோட மனுஷி வருவாளா?" என்று கோட்டை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போய்விட்டாள்.

எர்வினுக்குப் பொறுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷக் கல்யாணம் ஒரு சீஸ் சட்டியில் முங்கிக்கொண்டிருக்கிறது. அவளுடைய ரொட்டிக் கூடையை இழுத்துப் பார்த்தான். மற்றவர்கள் கூடையில் இருந்த துண்டெல்லாம் மொறுமொறுப்பான மேலோடு உள்ளவை. இதில் ஒரு துண்டுக்குக்கூட மேலோடு இல்லை. வெறும் பஞ்சு.

"வ்ரேனி! இங்க வா! இவ கூடையில மட்டும் எவன் மேலோட்டைச் சீவி வச்சான்? கரண்டியில எப்படி நிக்கும் இது? அந்த மாட்டு டாக்டர்தானே சொன்னான்?"

வ்ரேனி தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "டாக்டரா? உங்க வீட்டம்மாதான் சார் நேத்து போன் போட்டாங்க. என் ரொட்டிக்கு மட்டும் மேலோட்டைச் சீவிடுங்க, எங்க வீட்டுக்காரரை எனக்கு இடது பக்கமே உக்கார வைங்க, வீட்டுல கிட்ட போனா பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கறாரு, சட்டம்னு சொன்னாலாவது ஒரு முத்தம் வாங்கிக்குவாருன்னு."