ஒரு நாள் வானப்பிரஸ்தம்

வானப்பிரஸ்தம் போவது என்று தீர்மானித்தேன். ஒரே ஒரு நாளைக்கு. சனிக்கிழமை மத்தியானம் போய் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிவிடுவது. திங்கட்கிழமை காலை புதுவாயல் தொழிற்சாலையில் ஸ்டோர் கதவை நான்தான் திறக்க வேண்டும். சாவி என் பூணூலில் தொங்குகிறது. முனிவருக்கும் எனக்கும் வித்தியாசம் அந்தச் சாவி மட்டும்தான் என்று அப்போது நினைத்தேன்.

ஐம்பது தாண்டியவனுக்கு இப்படி ஓர் ஆசை ஏன் வருகிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். திருவள்ளூரில் என் வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் உட்கார்ந்தால் யாராவது பெருக்க வருவார்கள். எழுந்து நின்றால் வழியில் நிற்கிறேன் என்பார்கள். வாசலுக்குப் போனால் வேலை வெட்டி இல்லையா என்பார்கள். ஒரு மனிதன் தன் வீட்டில் எங்கேதான் இருப்பது? இந்தக் கேள்வியை ஒருநாள் என் மனைவி கமலவல்லியிடமே கேட்டேன். ஆபீசில் என்றாள்.

இது போதாதென்று பெண்ணின் கல்யாணம். வைஜயந்திக்கு இருபத்துநாலு முடிந்துவிட்டது. இரண்டு வரன்கள் வந்தன. சொஜ்ஜி சாப்பிட்டன. போயின. இரண்டும் என்னால்தான் கெட்டன என்று வீட்டில் ஒரு கட்சி. அந்தக் கட்சியில் என்னைத் தவிர எல்லோரும் அங்கத்தினர். நான் செய்ததென்ன? கேட்டதற்குப் பதில் சொன்னேன். முதலில் வந்தவர்கள் சொஜ்ஜியைப் புகழ்ந்து, பெண் கைமணமா என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டு மாமியின் கைமணம் என்றேன். இரண்டாவதாக வந்தவர்கள் பெண்ணின் சுபாவம் எப்படி என்று கேட்டார்கள். அப்படியே அவள் அம்மா மாதிரி என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன். குரல்தான் சரியாக அமையவில்லை.

அன்றிலிருந்து வைஜயந்தி என்னோடு பேசுவதில்லை. காப்பி கொண்டுவருவாள். டம்ளரைச் சற்று உயரத்திலிருந்தே மேஜைமேல் விட்டுவிடுவாள். அந்தச் சத்தத்தில் எல்லாம் அடங்கியிருக்கும். இந்தப் பெண் கல்யாணமாகாமல் நின்றுவிட்டால் அது என் நாக்கினால்தானா? ராத்திரி படுத்தால் இதே கேள்வி. அதிலிருந்து ஒரு நாள் ஓடிப்போகத்தான் இந்த வானப்பிரஸ்தம்.

கமலவல்லியிடம் விஷயத்தைச் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"வானப்பிரஸ்தம்னா பொண்டாட்டியையும் கூட அழைச்சுண்டு போகணும். சாஸ்திரம்."

"உன்னையும் அழைச்சுண்டு போனா அதுக்குப் பேரு கிருஹஸ்தம். அதான் இங்கேயே நடக்கறதே."

"சரி, தனியாப் போங்கோ. எங்கே?"

"ஏதாவது ஏரிக்கரைக்கு. ஒரு கூடாரம் போட்டுண்டு இருக்கப் போறேன்."

அவள் கை நின்றது. கொஞ்சம் யோசித்தாள். "எங்கே வேணா போங்கோ. அந்தத் திருநின்றவூர் ஏரிக்கு மட்டும் போகாதேங்கோ. அங்கே பாம்பு இருக்காம். அங்கே மட்டும் வேண்டாம்."

இவள் வேண்டாம் என்றால் எனக்கு உடனே வேண்டியதாகிவிடும். இருபத்தாறு வருஷத்து வியாதி. என் சுதந்திரம் முழுவதும் இந்த ஒரு சந்தில்தான் குடியிருக்கிறது. திருநின்றவூர்தான் என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. வழக்கமாக ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை சொல்லமாட்டாதவள், அன்று படுக்கும்வரை அந்த ஏரி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பாவம், என்மேல் இவ்வளவு கவலையா என்றுகூடத் தோன்றியது. மனிதன் எவ்வளவு சுலபமாக ஏமாறுகிறான்.

கூடாரத்துக்கு ஸ்டோரில் ஒரு பழைய தார்ப்பாய் கிடந்தது. லாரியில் சரக்கேற்றும் தானியேல் அதைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தான்.

"இன்னா சாமி, ஊட்ல பேஜாரா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லே. தனியா இருக்கணும்னு தோணித்து."

"எந்த ஏரியா சாமி?"

"ஏரியாதான்" என்றேன். எனக்கே என் சிலேடை பிடித்திருந்தது. அவன் சிரிக்கவில்லை.

"எம் பொஞ்சாதி சாராள் கத்திக்கினு இருந்தான்னா நா நேரா சர்ச்சுக்குப் போயி குந்திக்குவேன் சாமி. அங்க வந்து அவளால கத்த முடியாது. நீ இன்னாத்துக்கு இம்மாம் பெரிய பாயத் தூக்கிக்கினு போறே?"

அவனுக்கு எங்கே புரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திருநின்றவூர் என்ற பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். வைகுண்டத்தில் கோபித்துக்கொண்டு புறப்பட்ட திருமகள் வந்து நின்ற ஊர். பெருமாள் பின்னாலேயே வந்து கெஞ்சினாராம். தேவலோகத்தில்கூடக் கோபித்துக்கொண்டு போகிற உரிமை மனைவிக்குத்தான். நான் ரயிலை விட்டு இறங்கித் தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் யாரும் கெஞ்சிக்கொண்டு வரவில்லை. டிக்கெட் கலெக்டர் மட்டும் தார்ப்பாய்க்கு லக்கேஜ் டிக்கெட் உண்டா என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

கூடாரம் ஒரு பக்கம் நின்றது. மறுபக்கம் படுத்துக்கொண்டது. நான் நடுவில் குந்தியிருந்தேன். கமலவல்லி கட்டிக்கொடுத்த புளியோதரை இரண்டு ஆளுக்குக் காணும். அந்த ராத்திரி ஏரிக்கரையின் கொசுக்கள் என்னைப் பற்றித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதவேண்டியதில்லை.

ஆனால் காலை நன்றாக இருந்தது. தை மாதம். பனி கலைந்து தண்ணீர் வெளுத்துக்கொண்டு வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையைச் சுற்றிவர நடந்தேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்க ஆளில்லை. அதனால் எங்கேயும் போகாமல் நடந்தேன். ஒரு நண்டின் பின்னால் போனேன். அது வளையில் புகுந்துகொண்டது. ஓட்டுச் சில்லை எடுத்துத் தண்ணீரின்மேல் சாய்த்து எறிந்தேன். அது தத்தித் தத்திப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் படித்ததில் எனக்கு மறக்காத ஒரே வித்தை அதுதான். அதற்கு மார்க் போடவில்லை.

பறவைகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டு போனேன். ஒற்றைக் காலில் அசையாமல் நின்ற கொக்கு என் மைத்துனன். அடுத்தவன் தண்ணீரில் நின்றுகொண்டு அவனும் இப்படித்தான் காத்திருப்பான். நான் கிட்டப் போனதும் முங்கி, எட்டாத இடத்தில் தலைதூக்கிய முக்குளிப்பான் வைஜயந்தி. அதற்குப் பெயர் வைத்தபோது மட்டும் விளையாட்டாக இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அப்புறம் நாமக்கோழி. கன்னங்கரேலென்று உடம்பு. நெற்றியில் பளிச்சென்று வெள்ளை நாமம். எங்கள் கோயில் தெருவில் விடிகாலையில் குளித்துவிட்டு வருகிறவர்களைப் போலவே இருந்தது. நான் கைகூப்பி, "ஸ்வாமி, வடகலையா தென்கலையா?" என்று கேட்டேன். அது பதில் சொல்வதற்குள் பெட்டைக்கோழி பின்னாலிருந்து ஒரு சத்தம் போட்டது. ஸ்வாமி உடனே திரும்பி அதன் பின்னால் நீந்திப் போய்விட்டார். உமக்கும் வீட்டிலேதான் போட்டார்களா ஐயா நாமம் என்று உரக்கவே கேட்டேன்.

"ஸ்வாமி யார்கிட்டே பேசிண்டிருக்கேள்?" என்று பக்கத்தில் ஒரு குரல்.

எதிர்த்திசையிலிருந்து ஏரியைச் சுற்றிக்கொண்டு ஒருவர் வந்திருந்தார். என் வயது. என் தொந்தி. நெற்றியில் நாமம். கையில் குடை. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. எங்களவர்கள் முதன்முதலில் சந்தித்தால் செய்வதைச் செய்தோம். யார் பெரியவர் என்று தெரியாததால் இருவரும் ஒரே சமயத்தில் சேவிக்கக் குனிந்து தலையில் முட்டிக்கொண்டோம். அதற்குப் பிறகு அந்நியம் ஏது?

அவர் பெயர் எம்பார். உள்ளூர்க்காரர். தினமும் ரயிலில் பட்டணத்துக்குப் போய் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிறவர். ஞாயிற்றுக்கிழமையாயிற்றே, என்ன இந்தப் பக்கம் என்றேன்.

"ஆத்துக்காரியும் பிள்ளையும் வீரராகவனைச் சேவிக்கத் திருவள்ளூர் போயிருக்கா. இந்த ஏரிப்பக்கம் மட்டும் போகாதேங்கோன்னு சொல்லிட்டுப் போனா. பாம்பாம். அதான் வந்தேன்."

எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

கூடாரத்தில் நின்றுகொண்டிருந்த பாதியின் கீழ் உட்கார்ந்து புளியோதரையைப் பங்கிட்டுக்கொண்டோம். ஒரு மனிதன் நம்மைக் குறுக்கே பேசாமல் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. நான் சொஜ்ஜிக் கதையைச் சொன்னேன். அவர் என் தோளைத் தொட்டார். அவர் கதையும் அதுதான். பிள்ளைக்கு வந்த இரண்டு ஜாதகங்கள் அவர் வாயால் போயினவாம். பையன் தூங்கும்போது குறட்டை விடுவான், மச்சிலிருந்து காரை உதிரும் என்று பெண்வீட்டாரிடம் சொல்லியிருக்கிறார். உண்மைதானே ஸ்வாமி என்றார். உண்மைதான் ஸ்வாமி என்றேன்.

அதைச் சொன்ன வாயை மூடுவதற்குள் எனக்கு அது தோன்றிவிட்டது. வைஜயந்தி தூங்கினால் தலைமாட்டில் வெடி போட்டாலும் எழுந்திருக்கமாட்டாள்.

மெல்லக் கோத்திரம் கேட்டேன். அவர்கள் ஸ்ரீவத்ஸம். நாங்கள் பாரத்வாஜம். தடையில்லை. பையன் ரயில்வேயில் கிளார்க். ஊரில் எல்லோரும் ஜாதகப் பொருத்தம் பார்ப்பார்கள். நாங்கள் குறைப்பொருத்தம் பார்த்தோம். அவன் சாப்பிடும்போது பேசமாட்டான். இவள் பரிமாறும்போது பேசமாட்டாள். அவனுக்குச் சாத்தமுதில் புளி தூக்கலாக இருக்கவேண்டும். இவளுக்குத் தூக்கலாகத்தான் வைக்க வரும். அவனுக்குப் பிடிவாதம். இவளைப் பற்றிக் கேட்டார். அப்படியே அவள் அம்மா மாதிரி என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்போ வீட்டை நன்னா நடத்துவாள்" என்றார். அதே வார்த்தை. கேட்பவர் சரியாக இருந்தால் போதும்.

ஆளுக்கொரு பக்கம் நாங்கள் சுற்றிவந்த ஏரி பளபளத்துக்கொண்டிருந்தது. உடனே நிச்சயம் செய்துவிடலாம் என்றார் எம்பார். வெற்றிலைக்குப் பதிலாக மிச்சமிருந்த மோர்மிளகாயை மாற்றிக்கொண்டோம். இந்தத் தடவை வீட்டில் கேட்கப் போவதில்லை, சொல்லப் போகிறோம் என்று இருவரும் உறுதி செய்துகொண்டோம். எப்படிச் சொல்வது என்று அவர் ஒரு தடவை சொல்லிக்காட்டினார். குரல் இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று நான் திருத்தினேன்.

ரயிலில் நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே வந்தேன். என் நாக்கு கெடுத்ததை என் நாக்கே கட்டிவைத்துவிட்டது. யார் துணையுமில்லாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஐம்பது வருஷத்தில் நானாகச் செய்த ஒரு காரியம். வைஜயந்தி இனி என் முகத்தைப் பார்ப்பாள். கண்ணில் நீர் வந்தது. கரி விழுந்துவிட்டதாகப் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது நெய் மணம். கூடத்தில் என் நாற்காலி ஜமக்காளத்துக்கு நேராகப் போடப்பட்டிருந்தது. வைஜயந்தி தலை நிறையப் பூவோடு வந்தாள். காப்பி டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

"கொசு ரொம்பக் கடிச்சுதாப்பா?"

மாசக்கணக்கில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. காப்பியை ஒரே மூச்சில் குடித்தேன். எம்பாருக்குத் திருத்திய அதே கனமான குரலில் கமலவல்லியைக் கூப்பிட்டேன்.

"வைஜயந்திக்கு வரன் பாத்து முடிச்சுட்டு வந்திருக்கேன்."

"ஸ்ரீவத்ஸ கோத்திரமா?" என்றாள்.

"ஆமா."

"ரயில்வேயில கிளார்க்கா?"

"ஆமா." கனம் குறைந்துவிட்டது.

"குறட்டை விடுவானோ?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

கமலவல்லியும் பிள்ளையின் அம்மாவும் வீரராகவன் சந்நிதியில் எப்போதோ பேசிவைத்துவிட்டார்களாம். காலையில் பிள்ளையும் அவன் அம்மாவும் வந்தார்களாம். பெண்ணைப் பார்த்தார்களாம். வெற்றிலைபாக்கு மாற்றியாகிவிட்டதாம். என் நாற்காலியில் என் மைத்துனன் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினானாம். சொஜ்ஜி பக்கத்து வீட்டு மாமியுடையது என்று கமலவல்லியே சொன்னாளாம். பிள்ளை குறட்டை விடுவான் என்று அவன் அம்மாவே சொன்னாளாம். இரண்டு பேரும் சிரித்தார்களாம். நான் சொன்னால் மட்டும் ஏன் யாரும் சிரிப்பதில்லை?

"என்னை வச்சுண்டு பண்ணப்படாதா?" என்றேன்.

"ரெண்டு தடவை வச்சுண்டு பண்ணிப் பாத்தாச்சே."

நியாயம்தான். வைஜயந்தி உள்ளே ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அதற்குமேல் எனக்கென்ன வேண்டும்? ஆனாலும் மனம் கேட்கவில்லை. எனக்கென்று ஒரு துளியாவது மிஞ்ச வேண்டாமா?

"போகட்டும்" என்றேன். "அவ்வளவு பெரிய ஏரியில எம்பாரை நானாத்தான் சந்திச்சேன். நானாத்தான் பேசினேன். அது பெருமாள் சங்கல்பம். அதையாவது ஒத்துக்கோ."

கமலவல்லி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"ரெண்டையும் ஒரே ஏரியில விட்டா ஒண்ணோட ஒண்ணு பேசித் தீத்துக்கும், வீட்டுக்கு வரச்சே வாயில மிச்சம் இருக்காதுன்னு சம்பந்தி மாமிதான் யோசனை சொன்னா."