பின்னறைக்கு முப்பத்தேழு குறைகள்

அந்தப் பின்னறை தனக்குத்தான் என்று ரெஜிஸ் முடிவு கட்டியபோது வீட்டுச் சாவியே இன்னும் கைக்கு வந்திருக்கவில்லை.

முப்பத்திரண்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்ற மனுஷர். துலூஸ் நகரத்து மூன்றாம் மாடியில், குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துதான் தூண்டிலுக்கு இறகும் நூலும் சுற்றிப் பொய் ஈக்கள் கட்டுவார். யாராவது கதவைத் தட்டினால் ஈயெல்லாம் தண்ணீருக்குள். இப்போது கஹோர் பக்கத்துக் கிராமத்தில் வாடகைக்கு ஒரு கல்வீடு. நீல ஜன்னல்கள், வாசலில் அத்திமரம், எதிரே அக்ரூட் தோப்பு. பின்னால், தோட்டத்தைப் பார்த்தபடி அந்த அறை. மேசை போடலாம். கதவைச் சாத்திக்கொள்ளலாம். அறுபத்து மூன்று வயதில் ஓர் ஆணுக்கு வேறென்ன வேண்டும்?

அவர் மனைவி ஜொசியானுக்கும் அந்த அறைமேல் ஒரு கண்.

"அம்மாவை வரச் சொல்லலாம், ரெஜிஸ். மாடிப்படி இல்ல. தோட்டம் இருக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"அம்மாவை நாள் குறிச்சா கூப்பிடுவாங்க?"

மாமியார் ரெமோந்துக்கு எண்பத்து நான்கு வயது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை ரெஜிஸ் பாலாடைக்கட்டியின் முனையை, எல்லாருக்கும் பங்கு வர வேண்டிய ருசியான பாகத்தை, வெட்டித் தன் தட்டில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அந்த அம்மாள் அவர் கையில் கத்தி கொடுப்பதில்லை. "மாப்பிள்ளைக்கு நான் வெட்டித் தர்றேன்" என்று விருந்தாளிகள் முன்னால் தட்டில் வைப்பாள்.

முடியாது என்று ஜொசியானின் முகத்துக்கு நேரே சொல்ல ரெஜிஸுக்கு வாய் கிடையாது. மற்றவர்களை அதட்டிய வாயெல்லாம் ரயிலோடு போய்விட்டது. ஆனால் மூளை இருந்தது. சாவி கொடுப்பதற்கு முன் வீட்டுக்காரியும் குடிவருபவரும் அறை அறையாகப் போய், இருக்கிற கீறல், ஓட்டை எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பின்னறை முழுக்கக் குறை என்று வீட்டுக்காரியே கையெழுத்துப் போட்டுவிட்டால், பெற்ற தாயை எந்த மகள் அங்கே படுக்க வைப்பாள்?

வீட்டுக்காரி மதாம் தெல்பேஷ் காகிதக் கட்டோடு வந்தாள். கூடம், சமையலறை, படுக்கையறை எல்லாம் பத்தே நிமிஷத்தில் முடிந்தன. பின்னறைக்குள் நுழைந்ததும் ரெஜிஸ் முட்டி போட்டுவிட்டார்.

"பலகை ஆடுது. எழுதிக்குங்க, மதாம்."

"எந்தப் பலகை, மிசியே?"

"எல்லாமும்தான். தனித்தனியா எழுதுங்க."

ஜொசியான் கைப்பேசி விளக்கைப் பிடித்தாள். "அந்த மூலையில கறுப்பா இருக்கே, அது நிழலா பூஞ்சையா?"

"பூஞ்சை," என்றார் ரெஜிஸ், பார்க்காமலே.

"ஜன்னல் நல்லா சாத்துதா?"

"நல்லாத்தான் சாத்துது," என்றாள் மதாம்.

"கொஞ்சம் இழுத்துப் பாரேன், ரெஜிஸ்."

இழுத்தார். கொக்கி கையோடு வந்தது.

"பாத்தீங்களா மதாம், கொக்கி இல்ல."

"இப்ப வரைக்கும் இருந்துச்சே, மிசியே."

"எழுதற நேரத்துல இல்லியே."

மதாம் தெல்பேஷின் கழுத்து சிவந்தது. "இது எங்க அப்பா தன் கையால கட்டின அறை."

"அதையும் குறையில சேக்கணுமா, மதாம்?"

தேவாலயத்தில் பன்னிரண்டு அடித்தது. அந்த ஊரில் பன்னிரண்டு அடித்தால் செத்தவனும் எழுந்து சாப்பிடப் போவான். ரெஜிஸ் போகவில்லை. தோட்டத்துப் படியில் நின்று, ஜொசியானின் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்: "படி ரொம்ப உயரம். வயசானவங்க கால் வச்சா விழுந்துருவாங்க. எழுதுங்க."

மொத்தம் முப்பத்தேழு குறைகள். ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட்டார்கள். மதாமின் வாத்துக்கறி அடுப்பிலேயே கருகியிருக்கும்.

குடிவந்த அன்று மாலை ரெஜிஸ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"பாவம் உங்க அம்மா. அந்த ஈரத்துல அவங்க நெஞ்சு என்ன ஆகும்?"

"ஆமா. அப்படி ஒரு அறையில எப்படிப் படுக்கச் சொல்றது," என்றாள் ஜொசியான்.

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. சந்தேகப்பட வேண்டிய மனுஷர் இன்னொரு கிளாஸ் ஒயின் ஊற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் வண்டி நின்றது. ஒரு தச்சர் பலகைகளை இறக்கினார்.

"உங்களை யாரு வரச் சொன்னது?"

"மதாம் தெல்பேஷ். பட்டியலும் கொடுத்திருக்காங்க. எல்லாம் புரியுது, இந்த இருபத்திரண்டாம் நம்பர்தான் புரியல. 'அறைக்குள் வந்தால் மனம் சோர்கிறது'ன்னு இருக்கு. இதை எப்படி மிசியே ரிப்பேர் பண்றது?"

"மஞ்சள் பெயின்ட் அடிங்க," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

தச்சருக்குப் பின்னால் கொத்தனார், அவருக்குப் பின்னால் பெயின்டர். பத்து நாளில் புதுத் தரை, புது ஜன்னல், சுவரில் சூடேற்றி. தோட்டத்துப் படியைத் தாழ்த்தி, பிடித்து இறங்கக் கைப்பிடியும் வைத்தார்கள். கடைசி நாள் மதாம் தெல்பேஷ் வந்து வாசலிலேயே நின்றாள்.

"எங்க அப்பா கட்டின அறையைப் பத்தி இப்படி ஒரு காகிதம் இருந்தா நான் ஊர்ல தலை காட்ட முடியுமா? இப்ப வந்து குறை கண்டுபிடிங்க பாப்போம், மிசியே."

அவள் போன பிறகு ரெஜிஸ் மனைவியைப் பார்த்தார்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"ரொட்டிக்கடைக்காரி சொன்னா. முந்தி இருந்தவங்க வருஷக்கணக்கா கேட்டும் இந்த அம்மா ஒரு ஆணி அடிச்சுத் தரலியாம். வாயால கேட்டா காதுல விழாதாம். எழுத்துல அப்பா பேரு கெட்டாத்தான் ரோஷம் வருமாம்."

"அப்ப நீயே எழுதியிருக்கலாமே."

"எனக்கு நாலு குறைதான் கண்ணுல படும். உனக்கு முப்பத்திரண்டு வருஷப் பழக்கம்."

"அப்ப நீ விளக்குப் பிடிச்சது?"

"இருட்டா இருந்துச்சே, ரெஜிஸ்."

சனிக்கிழமை மாமியார் வந்தாள். கையில் பெட்டி இல்லை. பின்னால் லாரி வந்தது.

கைப்பிடியைப் பிடித்து ஏறி, மஞ்சள் சுவரைத் தடவி, ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்த அந்த அம்மாளின் கண் கலங்கிவிட்டது.

"எனக்காக நீங்க முட்டி போட்டு, சாப்பாட்டு நேரத்தைக்கூடப் பாக்காம குறை தேடினீங்களாமே. ஜொசியான் போன்ல அழுதுட்டா. ரெண்டு வாரத்துக்குத்தான் வர்றதா இருந்தேன், மாப்பிள்ளை. இப்படி ஒரு மனுஷரை விட்டுட்டு அங்க தனியா எதுக்குன்னு வீட்டைக் காலி பண்ணிட்டேன்."

ஜொசியான் ரெஜிஸைப் பார்த்துச் சிரித்தாள்.

"மிசியே, அலமாரி எந்தப் பக்கம்?" என்றான் லாரிக்காரன்.

ரெஜிஸ் போய்ப் பின்னறைக் கதவைத் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டார். அது துளிச் சத்தமில்லாமல் திறந்தது: அவரே எழுத வைத்த பதினோராம் நம்பர் குறை, 'கீல் கிறீச்சிடுகிறது'.